நடுப்பாதைக்கு அந்தப் பக்கம்

என் வயதுக்காரர்களே, முழங்கால் இன்னும் மடங்குகிறவர்கள் உங்களில் எத்தனை பேர்? எனக்கு மடங்குவதில்லை. கோயிலில் எல்லோரும் முழந்தாளிடும்போது நான் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தபடி தலையை மட்டும் குனிந்துகொள்கிறேன். மாதா கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. என் முன்பெஞ்சில் ஐடி கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பையன் வந்து உட்காருவான். பெண்சாதியின் தோளில் கையைப் போட்டுக்கொண்டுதான் பிரசங்கமே கேட்பான். யாரும் அவனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் ஒருத்திதான் பார்க்கிறேன். கிழவிக்குப் பொறாமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் பிரேசர் டவுனில் இருக்கும் என் சிநேகிதிக்குப் போன் போட்டேன். இரண்டு பேரும் ஒரே நாளில் புதுநன்மை, அதாவது பூசையில் முதல்முறையாக அப்பம், வாங்கியவர்கள்.

“ஏண்டி, நம்ம கோயில்ல பொம்பள பக்கம், ஆம்பள பக்கம்னு இருந்துச்சே. அத எப்போ எடுத்தாங்க?”

“அப்படி ஒன்னு இருந்துச்சா?” என்றாள். பின்னால் குக்கர் விசில் கேட்டது. “ஆமா, இருந்துச்சில்ல! யாரு எடுத்தா? தானா போயிடுச்சு போல. இப்ப எதுக்கு அது?”

“சும்மாதான்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். தானாகப் போய்விட்டதாம். அவள்மேல் குற்றமில்லை. ஆனால் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பீடத்தைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள், நடுவில் ஒரு பாதை. கல்யாணத்தன்று மட்டும் மாப்பிள்ளையும் பெண்ணும் முன்னால் சேர்ந்து முழந்தாளிடலாம். அடுத்த ஞாயிறே அவள் இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம். இப்படி உட்காரவேண்டும் என்று எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் யாராவது ஒரு போக்கிரி கிழித்தாவது போட்டிருப்பான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்து ஓரிரு வருடம் ஆகியிருந்தது. விவேக் நகரில் நாங்கள் இருந்த காம்பவுண்டில் எட்டு வீடுகள், ஒரு குழாய், காய்க்காத ஒரு கொய்யா மரம். முதல் வீடு எங்களுடையது. அப்பா ஒரு பேக்டரியில் சார்ஜ்மேன். பேக்டரியில் முப்பது பேரை மேய்த்தவர் வீட்டுக்கு வந்து எட்டுக் குடும்பத்தையும் மேய்ப்பார். அம்மா மாதா சபையில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கழுத்தில் நீல ரிப்பன் கட்டிக்கொண்டாளென்றால் அவள் நடையே வேறாகிவிடும்.

அந்த வருடம் தவக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், கடைசி வீட்டுக்குத் தங்கவயலிலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் குடிவந்தார்கள். எங்களுக்கு அவர்கள் அண்ணன், அக்கா. அண்ணனுக்கு அப்பாவின் பேக்டரியில் வேலை. அப்பாவுக்குக் கீழேயே, துளை போடும் மெஷினில். ஒல்லியான ஆள். எதிரில் வந்தால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் ஒதுங்கி வழிவிடுவார். அக்கா வீட்டில் தையல். குழந்தை குட்டி இல்லை. அவர்கள் வீட்டு வாசலில் எப்போதும் தையல் மெஷின் எண்ணெயும் புதுத் துணியின் கஞ்சியும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வேண்டுமென்றே அந்த வாசலில் நின்று மூச்சை இழுத்துக்கொண்டு போவேன்.

முதல் ஞாயிறு ஆறரை மணிப் பூசைக்கு அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். அண்ணன் வலப்பக்கம் போனார். அக்காவும் அவர் பின்னாலேயே போய், நடுப்பாதை ஓரமாக அவரை உள்ளே விட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, தன் வலக்கையால் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பூசை முடியும்வரை விடவில்லை.

“இன்னா ஜனங்கடி இது? கோயிலா, சினிமாக் கொட்டாயா?” என்றாள் குழாயடியில் ஒருத்தி.

“புதுசா கல்யாணம் ஆனவங்களா?” 

“எங்க புதுசு? ஆறு வருசம் ஆச்சாம். ஆறு வருசத்துக்கு அப்புறமும் கை விட மாட்டேங்கறா!”

சிரிப்பு. அக்கா குடத்தோடு வந்ததும் பேச்சு நின்றது. “நீங்க புடிச்சிக்கோங்க, நீங்க புடிச்சிக்கோங்க” என்று எல்லோரும் அளவுக்கு மீறின மரியாதையோடு விலகினார்கள். முகத்துக்கு நேரே யாரும் ஒரு வார்த்தை கடுமையாகச் சொன்னதில்லை. நாங்கள் பிள்ளைகள்தான் கொஞ்சம் மோசம். காம்பவுண்டில் எங்களுக்கு ஒரு புது விளையாட்டு கிடைத்தது. ஒருத்தி அண்ணன் ஆவாள். இன்னொருத்தி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இடுப்பை ஆட்டி ஆட்டிப் பின்னால் நடப்பாள். இடுப்பை ஆட்டுவதில் நான்தான் கெட்டிக்காரி என்று பெயர்.

மூன்றாம் வாரம், சாமியாருக்குத் துணையாக இருக்கும் உபதேசியார் பூசை முடிவில் எழுந்து, தொண்டையைக் கனைத்து, “பெண்கள் பெண்கள் பக்கத்திலும் ஆண்கள் ஆண்கள் பக்கத்திலும் அமர்ந்து கோயிலின் கண்ணியத்தைக் காக்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம்” என்று வாசித்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் ஒரே சமயத்தில் தரையைப் பார்த்தார்கள். அடுத்த ஞாயிறும் அக்கா அதே இடத்தில் வந்து உட்கார்ந்தாள். அம்மாவின் நீல ரிப்பன் மேலும் கீழும் ஏறி இறங்கியது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

இத்தனைக்கும் நடுவில், என் புதுநன்மைக் கவுனைத் தைக்க அம்மா அந்த அக்காவிடம்தான் கொடுத்தாள். “நடத்த வேற, தையல் வேற” என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அம்மாவின் கணக்கு எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. யாரையும் தள்ளிவைத்துத் திருத்த முடியாது, பக்கத்தில் இழுத்துத்தான் திருத்த வேண்டும் என்பது அவள் கட்சி.

அளவு கொடுக்க ஒரு சனிக்கிழமை போனேன். அக்கா என்னை ஸ்டூல்மேல் ஏற்றி நிற்கவைத்து, வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு, வெள்ளைத் துணியை என் தோளில் போட்டுப் பார்த்தாள். சாட்டின் துணி. முதுகில் பட்டதும் சில்லென்று இருந்தது. அண்ணன் காலை ஷிப்ட் முடிந்து வந்து தரையில் உட்கார்ந்து அப்போதுதான் சாப்பிட ஆரம்பித்திருந்தார். ஏதோ சொல்லிச் சிரித்தார். பேச்சு பாதியில் நின்றது. அவர் இடது கைக் கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தேய்க்க ஆரம்பித்தது, பீடி சுற்றுகிறவர்கள் இலையைச் சுருட்டுவார்களே அந்த மாதிரி.

அக்கா ஊசிகளைத் துப்பினாள். ஒரே எட்டில் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். தட்டைக் காலால் தள்ளினாள். அவரைப் பக்கவாட்டில் சாய்த்துத் தலையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டபோது அவர் உடம்பு கட்டையாகி, பிறகு உதற ஆரம்பித்தது. வாயோரம் நுரை. அக்கா மெதுவாக எண்ணிக்கொண்டிருந்தாள். “எழுவத்தொன்னு, எழுவத்திரெண்டு...” நான் ஸ்டூலைவிட்டு இறங்கவில்லை. இறங்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

அவர் தூங்கிப்போனபிறகு அக்கா என்னைக் கீழே இறக்கிவிட்டாள்.

“பயந்துட்டியா பாப்பா? இது சின்ன வயசிலேர்ந்து அவருக்கு இருக்கு. விரல் தேய்க்க ஆரம்பிச்சா எனக்கு அர நிமிசம் டைம் இருக்கு. அதுக்குள்ள புடிச்சிட்டா அடிபடாது. வெறும் வயித்தோட இருந்தாத்தான் வரும். இன்னிக்கு லேட்டா சாப்டாரு, அதான்.”

“அதுக்குத்தான் கோயில்ல...?”

“ஆமா. நன்மை வாங்கறதுக்கு ஒன்னும் சாப்பிடாம வராரே. சாப்ட்டுட்டு வந்து சும்மா உக்காருங்கன்னா கேக்க மாட்டாரு.” சொல்லிவிட்டு என் இரண்டு கன்னத்தையும் பிடித்தாள். “உங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா வேல போயிடும் பாப்பா. தங்கவயல்ல அப்படித்தான் போச்சு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணு.”

பண்ணினேன். அக்கா கைநிறைய கல்கண்டு கொடுத்தாள். வீடு வரும்வரை அதைக் கடிக்காமல் கரைத்துக்கொண்டே வந்தேன். ஒரு பெரிய மனுஷி என்னை நம்பிவிட்டாள் என்று அவ்வளவு கர்வம் எனக்கு.

இப்போது யோசித்துப் பாருங்கள், அந்த அக்கா மாட்டிக்கொண்டிருந்த இடத்தை. காரணத்தைச் சொன்னால் புருஷனுக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் அவள் வெட்கங்கெட்டவள். வெட்கங்கெட்டவள் என்ற பெயரை அவள் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தாள். அதையும் நம் ஆட்கள் விட்டுவைக்கவில்லை.

குருத்து ஞாயிறுக்கு இரண்டு நாள் முன்னால் மாதா சபைப் பெண்கள் எங்கள் வீட்டில் கூடினார்கள். காபி வந்தது, பேச்சு வந்தது. அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

“ஞாயித்துக்கெழம அந்தக் கடைசி வீட்டு அக்காவ நீ போய்க் கையப் புடிச்சி நம்ம பக்கம் கூட்டிட்டு வரணும். புதுநன்ம வாங்கப்போற புள்ள கூப்ட்டா தட்ட மாட்டா.”

“அவங்க அங்கயே இருக்கட்டுமேம்மா” என்றேன்.

“ஏன்?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டம்ளர்கள் பாதியில் நின்றன.

“சும்மாதான்.”

“சும்மான்னா? நீயும் நாளைக்குப் புருஷன் கையப் புடிச்சிக்கிட்டு நடுக்கோயில்ல உக்காரப் போறியா?” 

சிரித்தார்கள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அதை நிறுத்த ஒரே வழி நானும் சிரிப்பதுதான் என்று தோன்றியது. நானும் சிரித்தேன்.

குருத்து ஞாயிறன்று கோயில் முழுக்கப் பச்சைக் குருத்தோலை வாசனை. நான் நடுப்பாதையைத் தாண்டினேன். நாலு எட்டு வைத்தால் தாண்டிவிடலாம். அண்ணனின் மணிக்கட்டில் இருந்த அக்காவின் கையைத் தொட்டு, “வாங்கக்கா, அம்மா எடம் போட்டு வெச்சிருக்காங்க” என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் இத்தனை வருடம் நான் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்க மாட்டேன். ‘நீயா?’ என்று கேட்கிற பார்வை அது. பிறகு கோயிலைச் சுற்றிப் பார்த்தாள். எல்லாக் கண்ணும் எங்கள்மேல்தான். சார்ஜ்மேன் மகளின் கையை எப்படி உதறுவாள்? அண்ணன் மெதுவாகச் சொன்னார்: “போ. கொழந்த வந்து கூப்புடுது. எனக்கு ஒன்னும் ஆவாது, போ.” அவள் ஒவ்வொரு விரலாகக் கையை எடுத்தாள்.

“ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க” என்று அம்மா சொன்னதும் பெஞ்சில் ஆறு பெண்கள் நகர்ந்து இடம் செய்தார்கள். நம் ஊரில் பஸ்ஸில் ஏறினாலும் கல்யாணத்தில் பந்திக்கு உட்கார்ந்தாலும் கேட்கிற வார்த்தை; ஸ்வல்ப என்றால் கன்னடத்தில் கொஞ்சம். அக்காவைச் சுவரோரமாக உள்ளே அனுப்பி, அவளை ஒட்டி என்னை உட்காரவைத்தார்கள். பூசை முடிந்ததும், புதுநன்மைப் பிள்ளைகளுக்கு உபதேசம் சொல்லித்தரும் சிஸ்டர் எனக்குத் தங்க விளிம்பு போட்ட ஒரு மாதா படம் கொடுத்தார். அம்மா கோயில் வாசலிலேயே என் நெற்றியில் முத்தமிட்டாள். அவள் சாதாரணமாக முத்தமிடுகிறவள் இல்லை.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் பிடிபடாத விஷயம். அந்தப் பெண்கள் அக்காவிடம் உண்மையாகவே அன்பாகிவிட்டார்கள். நடிப்பில்லை. குழாயடியில் அவளுக்குக் குடம் தூக்கிவிட்டார்கள். உறைக்கு மோர், ஒரு கிண்ணம் குழம்பு, ஈஸ்டருக்குப் பலகாரம் எல்லாம் கடைசி வீட்டுக்குப் போயிற்று. “நல்ல பொண்ணுடி. யாரும் எடுத்துச் சொல்லல, அதான் தெரியல” என்றாள் அம்மா. அக்காவும் சிரித்துப் பேசினாள். ஒருநாள் குழாயடியில் அவள் வாய்விட்டுச் சிரித்ததைக் கேட்டு எனக்கே தோன்றியது, நான் செய்தது நல்ல காரியம்தான் என்று. ஒன்றும் ஆகவில்லையே! நாலைந்து ஞாயிறு ஒன்றுமே ஆகவில்லை.

ஆனால் அவளை ஒட்டி உட்கார்ந்தது நான். அவள் பீடத்தைப் பார்க்கவில்லை. ஆறு பெண்களின் முக்காடுகளுக்கு மேலே கழுத்தை நீட்டி, அந்தப் பக்கத்தில் ஒரு கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தொடை என் தொடையோடு ஒட்டியிருக்கும். பூசை முழுக்க அது இறுகிக்கொண்டே இருக்கும். “எனக்கு ஓரத்துல எடம் குடுங்கக்கா, மூச்சு முட்டுது” என்று அம்மாவிடம் கேட்டாள். “ஓரம் சபைத் தலைவிக்கும்மா. அக்கம்பக்கம் பாக்காம பீடத்தப் பாரு, மூச்சு தன்னால வரும்” என்றாள் அம்மா.

மே மாதம். முந்தின நாள் மழை பெய்து கோயில் தரையெல்லாம் ஈரச் செருப்புத் தடம். என் புதுநன்மைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. சாமியார் அப்பத்தைத் தூக்கிப் பிடிக்கும் நேரம், முதல் மணி அடித்தது, எல்லோரும் முழந்தாளில் இருந்தோம். பக்கத்தில் அக்கா எழுந்து நின்றாள்.

உங்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் யாரும் நிற்கமாட்டார்கள். குழந்தை அழுதால்கூடத் தாய் முழந்தாளில் இருந்தபடியே வாயைப் பொத்துவாள்.

“உக்காரு, உக்காரு!” அம்மா அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

“விடுங்கக்கா, நான் அங்க போவணும்.”

“இப்பவா? எதுக்கு?”

அக்கா வாயைத் திறந்தாள். அந்தப் பக்கத்தில் அப்பாவின் முதுகு தெரிந்தது. வாயை மூடினாள். குனிந்து என்னைப் பார்த்தாள்.

“பாப்பா, என்ன விடச் சொல்லு. உனக்குத் தெரியுமில்ல. நீ சொல்லு.”

அம்மா என் பக்கம் திரும்பினாள். அவளுக்குப் பின்னால் ஐந்து முக்காடுகளும் திரும்பின. “உனக்கு இன்னாடி தெரியும்?”

நான் சத்தியத்தை நினைத்தேனா? நினைத்தேன் என்று ரொம்ப வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். எனக்கு நினைவில் வந்தது அன்று வீட்டில் கேட்ட சிரிப்பு. இத்தனை நாள் தெரிந்துகொண்டே மறைத்தாயா என்று அம்மா கேட்பாளே என்ற பயம். நடுக்கோயிலில் நான் ஒருத்தி தனியாக நிற்க வேண்டிவருமே என்ற பயம்.

“எனக்கு ஒன்னும் தெரியாது” என்றேன்.

இரண்டாவது மணி அடித்தது. அதற்கு மேலே அந்தச் சத்தம் கேட்டது. பெஞ்சின் முனையில் ஒன்று, கல் தரையில் ஒன்று. அன்றிலிருந்து இன்றுவரை வீட்டில் யாராவது தேங்காய் உடைத்தால் நான் வெளியே போய்விடுவேன். ஏதோ சகுனம் பார்க்கிறேன் என்று என் மருமகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அந்தப் பக்கத்தில் முதலில் யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கக்கூடாத நேரம் இல்லையா? “காலங்காத்தால ஊத்திக்கினு வந்துட்டாம்பா” என்று ஒரு ஆண் குரல் சொன்னது தெளிவாகக் கேட்டது. அக்கா அப்புறம் யாரிடமும் வழி கேட்கவில்லை. சேலையை முழங்காலுக்கு மேலே அள்ளிக்கொண்டு, பெஞ்சின் முதுகில் ஏறி, எங்கள் தலைகளுக்கு மேலே தாண்டினாள். அவள் குதிகால் என் தோளில் பட்டது. முக்காடு எங்கேயோ விழுந்தது. ஈரத்தரையில் வழுக்கி, எழுந்து, நடுப்பாதையைத் தாண்டி அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கையில் இரும்பு கொடுத்தால் நிற்கும் என்று உபதேசியார் கோயில் சாவிக்கொத்தை அவர் உள்ளங்கையில் திணித்தார். சாவிகள் கலகலவென்று நடுங்கின. அண்ணனின் காதிலிருந்து ரத்தம் வந்தது. அக்கா எண்ணிக்கொண்டிருந்தாள். அவளை அந்தப் பக்கத்திலிருந்து எழுந்துபோ என்று யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது மணியும் அடித்தது. நான் முழந்தாளில்தான் இருந்தேன்.

நாலு பேர் தூக்கி ஒரு டாக்சியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அக்கா வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. வெள்ளிக்கிழமை அவள் தம்பி ஒரு லாரியோடு வந்து சாமான்களை ஏற்றினான். தையல் மெஷினைச் சாக்கில் சுற்றிக் கட்டினான். எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, “இது உங்களுதாம், அக்கா குடுக்கச் சொல்லிச்சு” என்று ஒரு பொட்டலத்தை நீட்டினான். என் கவுன். கீழ் விளிம்பில் பெரிய பெரிய ஓட்டுத் தையல் அப்படியே இருந்தது. மடித்துத் தைக்க அவளுக்கு நேரமில்லை.

“எப்படி இருக்காரு?” என்று அம்மா கேட்டாள்.

“தங்கவயலுக்கு இட்டுக்கினு போறோம்” என்றான். அது பதிலா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்புறம் தங்கவயல்காரர்கள் யாரைப் பார்த்தாலும் விசாரித்திருக்கிறேன். ஒருவர் அவர் அந்த மாதமே போய்விட்டார் என்றார். இன்னொருவர் ரொம்ப நாள் இருந்தார், பேச்சு மட்டும் வராது என்றார். இரண்டு பேரும் ஒரே ஆளைத்தான் சொன்னார்களா என்பதும் நிச்சயமில்லை.

அப்பா, “மெஷின்ல கை போயிருந்தா யாரு பதில் சொல்றது? மறைச்சிட்டாங்களே” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அம்மா சொன்னது வேறு. அதைக் குழாயடியில் சொன்னாள், சபையில் சொன்னாள், சாகும்வரை யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் சொல்வாள்: “ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க விட்டிருக்க மாட்டோமா? நாங்க இன்னா மிருகமா?” சொல்லும்போது அழுவாள். உண்மையான அழுகை. அவள் அழும்போதெல்லாம் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். அந்த ஒரு வார்த்தை அன்று என் வாயில் இருந்தது என்பதை அவளிடம் நான் சொல்லவேயில்லை.

எனக்கும் கல்யாணம் ஆயிற்று. என் வீட்டுக்காரர் தங்கமான மனுஷர், ஒரு நோய்நொடி கிடையாது. நாற்பது வருடம் அவர் கட்டைவிரலைப் பார்த்தபடியே குடித்தனம் நடத்தினேன். பஸ்ஸில், பந்தியில், பேங்க் வரிசையில், எந்த ஆண் நின்றாலும் என் கண் அவன் இடது கைக்குத்தான் போகும். கோயிலில் முன்பெஞ்சுப் பையனை நான் ஏன் பார்க்கிறேன் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது.

லாரி போன மறுநாள், சனிக்கிழமை, எங்களுக்கு முதல் பாவசங்கீர்த்தனம். பாவங்களை ஒரு தாளில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு வரச் சொல்லியிருந்தார் சிஸ்டர். வரிசையில் எனக்குப் பின்னால் இருபது பிள்ளைகளாவது இருப்பார்கள். என் முறை வந்தது. சல்லடைப் பலகைக்கு அந்தப் பக்கம் சாமியாரின் காது மட்டும் தெரிந்தது. மூக்குப்பொடி வாசனை.

சர்க்கரை திருடினேன் என்றேன். தம்பியைக் கிள்ளினேன் என்றேன்.

அக்காவைக் கூட்டிவந்ததை எங்கே சேர்ப்பது என்று இரண்டு நாளாகத் தேடியிருந்தேன். தாய் தகப்பனுக்குக் கீழ்ப்படியாதது பாவம் என்று உபதேசத்தில் இருந்தது. நான் கீழ்ப்படிந்திருந்தேன். சத்தியத்தை மீறுவது பாவம் என்று இருந்தது. நான் மீறவில்லை. தேடிப் பார்த்ததில் மிஞ்சியது ஒன்றுதான்.

“பொய் சொன்னேன் சாமி.”

“எத்தன தடவ?”

“ஒரு தடவ.”

“யார்கிட்ட?”

“அம்மாகிட்ட.”

அடுத்து, என்ன பொய் என்று கேட்பார். கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று இருந்தேன். சல்லடைக்கு அந்தப் பக்கம் அவர் திரும்பி, இன்னும் எத்தனை பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தார்.

“அம்மாகிட்ட பொய் சொல்லலாமா? அபராதத்துக்கு மூணு அருள் நிறை மந்திரம் சொல்லு. இனிமே பெரியவங்க சொல்றபடி கேட்டு நடக்கணும். நடப்பியா?”

“நடப்பேன் சாமி” என்றேன்.

நடந்தேன்.